பித்த அமிலமும் கொலஸ்ட்ராலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கொலஸ்ட்ராலை விலங்குகளின் உடல் எரித்துத் தீர்க்க முடியாது என்று படித்தேன். அப்படியானால் அது எவ்வழியாக வெளியேறுகிறது?

பதில்: படித்தது சரியே. கொலஸ்ட்ராலின் கட்டமைப்பான ஸ்டீரால் வளையங்களை உடைத்து ஆற்றலாக்கும் நொதி விலங்குகளுக்கு இல்லை. எனவே கொலஸ்ட்ரால் பித்தநீரில் அப்படியே கலந்து வெளியேற வேண்டும், அல்லது கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலமாக மாறி வெளியேற வேண்டும். இந்த மாற்றத்தின் முதன்மையான பாதை கல்லீரலில், கொலஸ்ட்ராலின் 7-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்வதில் தொடங்குகிறது. அதைச் செய்யும் 7-ஆல்ஃபா ஹைட்ராக்ஸிலேஸ் நொதியே பாதை முழுவதன் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. மனித உடலில் சுமார் 3 கிராம் பித்த அமிலம் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முறை குடலுக்குச் சென்று, சுற்றுக்கு 95 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. மலத்தில் இழக்கப்படும் அரை கிராம் அளவைத்தான் கல்லீரல் புதிதாகக் கொலஸ்ட்ராலிலிருந்து செய்து ஈடுகட்டுகிறது. இரத்தத்தில் அளக்கும் எண் இந்த வெளியேற்றத்தைக் காட்டாது. மலத்தை அளந்தால்தான் தெரியும்.

கேள்வி: எலிக்குப் பித்தப்பை இல்லையே, அதனால் அதற்குப் பித்த அமிலம் குறைவா?

பதில்: இல்லை. எலி, குதிரை, புறா ஆகியவற்றில் பித்தநீர் தேங்காமல் தொடர்ந்து குடலில் இறங்குகிறது, உற்பத்தி குறைவதில்லை. சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள்.

கேள்வி: சோதனை விலங்குகளுக்குப் பித்த அமிலம் கலந்த தீவனம் கொடுத்தால் கொலஸ்ட்ரால் கூடுமா, குறையுமா? ஒரு வரியில் சொன்னால் போதும்.

பதில்: ஒரு வரியில் சொல்ல இயலாது. எந்த விலங்கு, எந்தப் பித்த அமிலம், கொலஸ்ட்ராலை எங்கே அளந்தீர்கள் என்ற மூன்றையும் எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று இந்தப் பகுதியில் பலமுறை கேட்டுக்கொண்டுவிட்டேன்.

எலியும் சுண்டெலியும் உணவில் வரும் கொலஸ்ட்ராலை எளிதில் சமாளித்துவிடுகின்றன. கல்லீரலில் கொலஸ்ட்ரால் மிகும்போது எல்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி அதை உணர்ந்து 7-ஆல்ஃபா நொதியைப் பெருக்க, மிகுதியானது பித்த அமிலமாக மாறிக் கழிந்துவிடுகிறது. முயலில் நடப்பது நேர்மாறானது. கொலஸ்ட்ரால் ஊட்டப்பட்ட முயலில் பித்த அமிலத் தொகை பெருகி, அதை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி தூண்டப்பட்டு, அந்த நொதியே அடங்கிவிடுகிறது. 1913-இல் ரஷ்ய ஆய்வாளர் அனிச்கோவ் முயலுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனித் தடிப்பை உண்டாக்கியதையும், அதே உணவு எலியில் அவ்வளவாகப் பலிக்காததையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஹாம்ஸ்டரும் எலியைப் போல நொதியைப் பெருக்கிக்கொள்வதில்லை.

எலிகளும் சுண்டெலிகளும் இப்படித் தாங்கிக்கொள்வதால், ஆய்வாளர்கள் தீவனத்தில் 1 விழுக்காட்டையொட்டிக் கொலஸ்ட்ராலும், அதனுடன் அரை விழுக்காடு கோலிக் அமிலம் என்ற பித்த அமிலமும் கலக்கிறார்கள். கோலிக் அமிலம் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் கூட்டுகிறது. எஃப்எக்ஸ்ஆர் வழியாகக் கல்லீரலின் நொதியையும் அடக்குகிறது. உள்ளே வரும் வாசலைத் திறந்து, வெளியேறும் வாசலை அடைத்தபின் கொலஸ்ட்ரால் ஏறுவதில் வியப்பில்லை. என் மனக்குறை இதற்கு அடுத்த படியைப் பற்றியது. இந்தத் தீவனத்துடன் ஏதோ ஒரு தாவரச் சாற்றைக் கொடுத்து, கொலஸ்ட்ரால் இறங்கியதும், அந்தச் சாறு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று முடிவெழுதிவிடுகிறார்கள். அந்தச் சாறு குடலில் கோலிக் அமிலத்தைப் பிடித்து வைத்திருந்தாலே இதே முடிவு வந்திருக்கும். கோலிக் அமிலம் கலக்காத விலங்கில் அது எதையும் செய்யாமல் போகலாம். கோலிக் அமிலம் மட்டும் உண்ட கட்டுப்பாட்டுக் குழு ஒன்று இருந்தால்தான் அந்த அமிலத்தின் பங்கைப் பிரித்தறிய முடியும். சுண்டெலியில் கோலிக் அமிலம் கல்லீரலில் தழும்பு உருவாகும் மரபணுக்களையே தூண்டிவிடுவதால், அந்தக் குழு இன்னும் அவசியமாகிறது. ஆயினும் மதிப்பீட்டுக்காக என்னிடம் வரும் கட்டுரைகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டால், முன்னோர் செய்த முறையைப் பின்பற்றினோம் என்கிறார்கள். இதற்காகப் பலியாகும் விலங்குகளை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அமிலத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மியூரிகோலிக், அர்சோடிஆக்ஸிகோலிக் போன்ற நீர்விரும்பும் அமிலங்கள் சுண்டெலியில் கொலஸ்ட்ரால் உறிஞ்சலைக் குறைக்கின்றன. கோலிக் அமிலம் கூட்டுகிறது.

கேள்வி: பித்த அமிலத்தின் அளவு போதும் என்று கல்லீரலுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: செய்தி பெரும்பாலும் குடலிலிருந்து வருகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படும் அமிலம் அங்குள்ள செல்லின் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பியுடன் இணைகிறது. அந்தச் செல் ஒரு புரத ஹார்மோனைச் சுரக்கிறது. சுண்டெலியில் அது எஃப்ஜிஎஃப்15, மனிதரில் எஃப்ஜிஎஃப்19. அது குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைந்து 7-ஆல்ஃபா நொதியின் மரபணுவை அடக்குகிறது. இந்த அமிலங்களே எஃப்எக்ஸ்ஆரின் இயல்பான தூண்டிகள் என்பது 1999-இல் தெரியவந்தது. சுண்டெலியின் டாரோ-பீட்டா-மியூரிகோலிக் அமிலமோ இதே ஏற்பியைத் தடுக்கிறது. மனிதர் அதைத் தயாரிப்பதில்லை. எந்த விலங்கு என்று நான் ஓயாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கொலஸ்டிரமைன் கொடுத்தும் இரத்தக் கொலஸ்ட்ரால் ஓரளவுக்கு மேல் இறங்கவில்லை. ஏன்?

பதில்: அந்தப் பிசின் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகளைப் பெருக்கி, அதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கூடவே தானும் புதிதாகக் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது. இந்தப் புதுத் தயாரிப்புத்தான் இறக்கத்துக்கு எல்லை வகுக்கிறது. ஆகவேதான் மருத்துவத்தில் இதனுடன் கொலஸ்ட்ரால் தயாரிப்பை அடக்கும் ஸ்டாட்டின் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

கேள்வி: மாதிரிகளைக் காலையிலும் மாலையிலும் வசதிப்படி எடுத்தேன். எலியின் 7-ஆல்ஃபா நொதியின் அளவு தாறுமாறாக இருக்கிறது.

பதில்: அப்படித்தான் இருக்கும். எலியில் இந்த நொதி இருளில், உண்ணும் பொழுதில் உச்சத்தை அடைந்து பகலில் தாழ்கிறது. நேரத்தைக் குறிக்காத மாதிரிகளை ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் கட்டாயம் என்பதற்கும் பித்த அமிலத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பூனை தன் பித்த அமிலங்களை டாரினுடன்தான் இணைக்கிறது. டாரின் குறைந்தால் கிளைசினுக்கு மாறிக்கொள்ள அதனால் முடியாது. தேவையான டாரினைத் தானே தயாரிக்கும் திறனும் குறைவு என்பதால், பித்தத்தோடு இழப்பதை உணவுதான் ஈடு செய்ய வேண்டும்.

கேள்வி: என் நாயின் இரத்தத்தில் பித்த அமிலம் கூடுதல், கொலஸ்ட்ரால் குறைவு. ஒன்று மற்றொன்றைக் குறைத்துவிட்டதா?

பதில்: அப்படி முடிவு செய்யாதீர்கள். போர்ட்டல் இரத்தம் கல்லீரலைத் தவிர்த்து நேரே பொதுச் சுற்றோட்டத்தில் கலக்கும் பிறவிக் குறையில், கல்லீரல் பித்த அமிலத்தை வடிகட்டவும் இயலாது, கொலஸ்ட்ராலைப் போதிய அளவு தயாரிக்கவும் இயலாது. ஒரே கோளாறு இரண்டு எண்களையும் மாற்றியிருக்கலாம். கல்லீரலே பெரிதும் பழுதுபட்டிருந்தாலும் இப்படி வரும். பித்தக்குழாய் அடைபட்டிருந்தால் பொதுவாக இரண்டுமே ஏறியிருக்கும். வெறும் வயிற்றிலும் உணவுண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் எடுத்த இரு அளவுகளுடன் கால்நடை மருத்துவரை உடனே பாருங்கள்.