மூன்று குச்சி டென்செக்ரிட்டி தொய்வது ஏன்?

டென்செக்ரிட்டி என்பது குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், கயிறுகளின் இழுவிசையால் மட்டுமே நிற்கும் அமைப்பு. நீங்கள் செய்த மூன்று குச்சி அமைப்பில் பக்கக் கயிறுகள் (மேல் கயிற்று முக்கோணத்தையும் கீழ் கயிற்று முக்கோணத்தையும் இணைப்பவை) 25 செ.மீ. இருப்பதால்தான் அது தொய்கிறது. மூன்றையும் 22.9 செ.மீ.க்குக் குறையுங்கள். 30 செ.மீ. குச்சி, மேலும் கீழும் 18 செ.மீ. பக்கமுள்ள முக்கோணம் என்றால் அது விறைத்து நிற்கும் நீளம் இதுதான். கூடினால் துவளும், குறைந்தால் முடிச்சே எட்டாது.

கணக்கு: குச்சியின் வர்க்கத்திலிருந்து முக்கோணப் பக்க வர்க்கத்தின் 1.155 மடங்கைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். குச்சி நீளத்தை நுனிக்கு நுனி அளக்காமல் கயிறு கட்டும் துளைக்குத் துளை அளக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் தொய்ந்தால் பெரும்பாலும் நைலான் நூல்தான் காரணம், இழுக்க இழுக்க நீளும். பின்னிய மீன்பிடி நூலோ மெல்லிய எஃகுக் கம்பியோ போடுங்கள்.

மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கக் கயிற்றின் மேல்முனை, கீழ்முனையிலிருந்து மையத்தைச் சுற்றி 30 பாகை திரும்பியிருக்க வேண்டும். மூன்று குச்சியும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தொடாமல் இருக்கணும்.

ஒன்று மட்டும்: இப்படி மூன்று குச்சி கொண்ட ஒற்றை அடுக்கு, எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கையால் முறுக்கிப் பார்த்தால் கொஞ்சம் அசையும். அது வடிவத்தின் இயல்பு, உங்கள் கைப்பிழை இல்லை. அடுக்கடுக்காக ஏற்றப் போகிறீர்கள் என்றால் முறுக்குத் திசையை (குச்சிகள் சாயும் பக்கத்தை) அடுக்குக்கு அடுக்கு இடம், வலம் என மாற்றி மாற்றி வையுங்கள். வாஷிங்டனில் நிற்கும், சிற்பி கென்னத் ஸ்னெல்சனின் 'நீடில் டவர்' சிற்பம் (1968), சுமார் 18 மீட்டர், அப்படித்தான் ஏறுகிறது. அதன் அடியில் நின்று மேலே பார்த்தால் தெரியும் ஆறுமுனை நட்சத்திரம் இந்த மாற்று முறுக்கால் வருவது.