பூக்கண்காட்சி ஆல்பம்: அக்காவிடம் கேளுங்கள்

சிங்கப்பூர் ஃபிளவர் டோமில் டுலிப் கண்காட்சி பார்த்துவிட்டு வந்து, துணி, பெயிண்ட், படம், காய்ந்த இதழ் எல்லாம் கலந்து கையால் ஆல்பம் செய்ய இறங்கியவர்களின் கேள்விகள், அவரவர் வட்டாரப் பெயரோடு.

செங்காங்: அக்கா, துணிப்பூ, பொத்தான், லேஸ் எல்லாம் ஒட்டி முடித்தேன். ஆல்பம் மூடவில்லை, முதலை மாதிரி வாய் பிளந்து நிற்கிறது.

பக்கங்கள் சேரும் முதுகில் இடம் விடவில்லை, அதுதான் காரணம். விசிறி மடிப்பு முதுகு போடுங்கள். 20 செ.மீ. சதுரப் பக்கம் ஆறுக்குக் கணக்கு இது: 220 ஜிஎஸ்எம் தடித்த தாளில் 24 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அரை செ.மீ. விட்டு 1.5, 1.5 என்று மடித்தால் ஒரு முகடு. அடுத்த முகட்டுக்கு முன் 1 செ.மீ. சமதளம். இப்படி ஆறு முகடு எழுப்பினால் கடைசியில் அரை செ.மீ. மிஞ்சும். முதுகின் அகலம் 6 செ.மீ. வரும். ஒவ்வொரு முகட்டிலும் ஒரு பக்கத்தை ஒட்ட வேண்டும்.

அட்டைக்கு 2 மி.மீ. கிரேபோர்டு (கெட்டியான சாம்பல் அட்டை): 21 செ.மீ. சதுரம் இரண்டு, முதுகுக்கு 6க்கு 21 ஒன்று. அட்டைக்கும் முதுகுக்கும் நடுவில் 8 மி.மீ. இடைவெளி. மூடும் துணி 53.6க்கு 25 செ.மீ. எதிரெதிர்ப் பக்க அலங்காரம் இரண்டும் சேர்ந்து 1 செ.மீ. தாண்டினால் மறுபடி முதலைதான்.

தெம்பனிஸ்: நிஜப் பூவையே ஒட்டலாமா? நம் தேசிய மலரை முதல் பக்கத்தில் வைக்க ஆசை.

பொருத்தமான ஆசைதான். 1899இல் இங்கே நடந்த பூக்கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய ஆர்க்கிட், வாண்டா மிஸ் ஜோக்கிம். 1981இல் தேசிய மலரானது. ஆனால் ஆர்க்கிட் சதைப்பற்றுள்ள பூ. முழுசாக அழுத்தினால் நடுத்தண்டில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இதழ்களையும் உதடு போன்ற நடு இதழையும் தனித்தனியாகப் பிரியுங்கள், தண்டை வெட்டி எறியுங்கள். உறிஞ்சுதாள் நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தை ஏற்றுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், பிறகு மூன்று வாரம் தொடக்கூடாது. எடுத்து வளைத்தால் காகிதம்போல் சரசரக்க வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரப் பூவை ஒட்டாதீர்கள்.

வேலை சுலபமாக வேண்டுமா? தேக்காவில் மாலைக் கடையில் வாடாமல்லி வாங்குங்கள், நிறம் வருடக்கணக்கில் நிற்கும். காகிதப்பூவும் நன்றாகக் காயும். மல்லிகை பழுப்பாகிவிடும். பூங்காவில் எதையும் பறிக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்: அக்ரிலிக் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பெயிண்ட் உரிகிறது.

அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மெதுவாகத்தான் இறுகும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் பிசுபிசுப்பு போகாது. மூன்று நாள் ஏர்கான் அறையில் விரித்து வையுங்கள். பிறகு நிறமில்லாத மெழுகை மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். பக்கங்களுக்கு இடையில் பேக்கிங் தாள் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுவும் ஒட்டும்.

ஜூரோங்: பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசைக்கு எதற்குக் காசு? மைதாப் பசை போதாதா? ஊரில் புத்தகமே அதில்தான் கட்டுவார்கள்.

கட்டுவார்கள் ஐயா, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து. கலக்காவிட்டால் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் நீங்கள் வைத்த விருந்து அது.

ஜூரோங்: அப்போது மயில்துத்தம் கலந்துகொள்கிறேன்.

அது விஷம். பிள்ளைகள் புரட்டும் ஆல்பத்தில் வேண்டாம். அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையும் பழுப்பாக்கி நொறுக்கும்.

பிடோக்: ஜூரோங் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய ஏடுகளைச் செப்பனிடுபவர்கள் கோதுமைப் பசைதானே பூசுகிறார்கள்?

அது மாவு இல்லை, மாவிலிருந்து பசைப்புரதத்தைக் கழுவி எடுத்த ஸ்டார்ச். தண்ணீர் பட்டால் பிரியும் என்பதற்காகவே அவர்கள் அதைப் பூசுகிறார்கள். ஏட்டையும் குளிரூட்டிய அறையில் வைக்கிறார்கள். மெல்லிய தாளோடு தாள் ஒட்ட நீங்களும் பூசலாம். பொத்தானையும் கிரேபோர்டையும் அது தாங்காது.

ஈசூன்: பூவை எத்தனை நாள் அழுத்த வேண்டும்?

தெம்பனிஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அங் மோ கியோ: இங்க்ஜெட்டில் எடுத்த டுலிப் படம், மேலே மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) பூசியதும் கரைந்து ஓடுகிறது.

லேசர் அச்சு எடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: மேலட்டை வில்லாக வளைகிறது.

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது அட்டையை இழுக்கிறது. உள்பக்கமும் தாள் ஒட்டினால் இழுப்பு சமமாகும். அட்டை, தாள் இரண்டின் இழையும், அதாவது நார் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். ஒட்டியபின் 24 மணி நேரம் பாரம்.

பொங்கோல்: காயாத பூவை மீடியம் பூசி மூடினால் அப்படியே நிற்காதா?

நிற்காது. உள்ளேயே அழுகும். எத்தனை தடவை சொல்வது!

ஜூரோங்: மைதாவில் கிராம்பு எண்ணெய் கலந்தால்?

பூஞ்சை கொஞ்ச நாள் தள்ளிப்போகும், எண்ணெய்க் கறை பக்கத்தில் இறங்கும். கரப்பான் வழக்கம்போல வரும். பி.வி.ஏ. வாங்குங்கள் ஐயா.