104 சர்க்கரையா, இல்லையா?

கேள்வி: 1994-ல் என் அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 132. 'சுகர் இல்லை' என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இப்போது எனக்கு 104. மாஸ்டர் செக்-அப் ரிப்போர்ட்டில் 'பிரீ-டயாபடீஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அன்று அப்பாவை ஏமாற்றினார்களா, இன்று என்னை ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், வில்லிவாக்கம்

பதில்: இரண்டுமில்லை. அந்த டாக்டர் அன்றைய கணக்குப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வெறும் வயிற்றில் 140-ஐத் தொட்டால்தான் அப்போது சர்க்கரை நோய். 1997-ல் அமெரிக்க நீரிழிவு சங்கம் அதை 126 ஆக்கியது. உலக சுகாதார நிறுவனமும் பின்னாலேயே வந்தது. உங்கள் அப்பா அதே 132-ல் 1996-ல் படுத்து 1998-ல் எழுந்திருந்தால், எழும்போது நோயாளி!

ஏன் இறக்கினார்கள்? முதல் காரணம் கண். விழித்திரைக் கோளாறு 140-க்குக் கீழேயே தலைகாட்டுவது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்தது. இரண்டாவது, குளூக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு வெறும் வயிற்று அளவு 140-க்குள்தான் இருந்தது. ஒரே ஆளுக்கு ஒரு பரிசோதனையில் நோய், இன்னொன்றில் இல்லை. அந்தக் குளறுபடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தபோது வார்டை ஒட்டிய சைடு லேபில் பெனடிக்ட் கரைசலோடுதான் காலை விடியும். டெஸ்ட் டியூபில் 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்குப் போனால் நிறைய. ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீருக்கே இறங்கும். எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்த பாட்டிகளும் நாங்களும் பிடித்தது முற்றிய கேஸ்களைத்தான்.

இனி உங்கள் 104. 2003-ல் அமெரிக்கச் சங்கம் இந்த 'முன்நிலை'யின் கீழ்க்கோட்டை 110-லிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2006-லும் யோசித்துப் பார்த்து 110-லேயே நின்றுவிட்டது. ஆக, ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நார்மல். உங்கள் லேப் அச்சடித்தது அமெரிக்கக் கணக்கு.

அந்த ஒரு எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். முதலில், ரத்தம் கொடுக்குமுன் காபி குடித்தீர்களா? (சர்க்கரை போடாத காபிதானே என்று கேட்காதீர்கள். அதில் பால் இருக்கிறது.) 8 மணி நேரம் பட்டினி இருந்து மறுபடி பாருங்கள். கூடவே 75 கிராம் குளூக்கோஸ் குடித்து 2 மணி நேர அளவும் எடுங்கள். அது 140-க்கும் 199-க்கும் நடுவில் வந்தால் காலையில் நடக்கக் கிளம்பவேண்டியதுதான். அப்படிப்பட்டவர்களை வைத்தே நம் சென்னைக் குழு செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது: உணவையும் உடலுழைப்பையும் சீராக்கியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் உதவியது.

கேள்வி: மாமியாருக்கு வலது கை மரத்து, வாய் குழறி, அரை மணியில் சரியாகிவிட்டது. 'மினி ஸ்ட்ரோக்'தான் என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் 'ஸ்ட்ரோக்' என்கிறார்கள். கைதான் நன்றாக இருக்கிறதே?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முன்பு கடிகாரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். 24 மணி நேரத்துக்குள் சரியானால் டி.ஐ.ஏ., அதாவது உங்கள் 'மினி'. இப்போது ஸ்கேனைப் பார்த்து வைக்கிறோம். அமெரிக்க வல்லுநர் குழு 2009-ல் அப்படி மாற்றியது. மூளையில் ஒரு துளி இடம் செத்திருந்தாலும், கை அரை மணியில் மீண்டாலும், அது ஸ்ட்ரோக்தான். பெயர் எதுவானாலும் அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து அதிகம். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், ஈ.சி.ஜி. இரண்டும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். மறுபடி வந்தால் அரை மணி காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வயதோடு 100-ஐக் கூட்டினால் நார்மல் பி.பி. என்கிறார் வாக்கிங் நண்பர். எனக்கு 68. அப்படியானால் 168 வரை கவலையில்லையா?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: கவலைப்படுங்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ல் 186/108. அந்தக் காலத்தில் அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடுவார்கள். 1945 ஏப்ரலில் 300/190-ஐத் தொட்டு, மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். இன்று நம் ஊரில் கோடு 140/90. அமெரிக்காவில் 2017 முதல் 130/80. நண்பரையும் கையோடு கூட்டிப்போய் பி.பி. பாருங்கள். அவருக்கு எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.