சீனியவரங்காய் வத்தல் பூசணம் புடிக்குதுன்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, காய் காயவைக்கிற மெஷின்ல (டீஹைட்ரேட்டர்) 70 டிகிரில 6 மணி நேரம் வச்சேன், மேல மொறுமொறுன்னு இருந்துச்சு, டப்பால போட்ட நாலாம் நாள் பூசணம் புடிச்சிட்டுன்னு சொல்லிருக்கீய, எனக்கு சூடு கூடுனதாத்தான் தோணுது. எடுத்தவுடனே அவ்ளோ சூடு வச்சா மேல்தோல் சட்டுனு இறுகிரும், உள்ள இருக்க ஈரம் வெளிய வர வழியில்லாம அங்கயே கெடக்கும், எங்க ஆச்சி தட்டட்டில (மொட்டை மாடில) நாலஞ்சு நாள் மெதுவா காயப்போட்டதுக்கு காரணம் இருக்குல்லா. 55-லயே வைங்க, நேரம் கூட ஆனாலும் ஆகட்டும். உப்புத்தண்ணில அரைவேக்காடு வச்சு நல்லா வடிச்சு ஒண்ணுமேல ஒண்ணு படாம பரப்புங்க. ஃபேன் அடியில உள்ள மாடல்னா கீழ்த்தட்டு முந்தி காயும், ரெண்டு மணிக்கொருக்க தட்டை மாத்தணும், இதுக்காகவே நான் ஃபேன் பின்னால இருக்கதா பாத்து வாங்குனேன்.

காஞ்சதும் ஆறவிட்டு கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி போட்டு ஒரு வாரம் தெனமும் குலுக்கிப் பாருங்க, கண்ணாடில ஈரம் படிஞ்சா திரும்ப மெஷின்ல போடுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழைல நம்ம திருநெல்வேலி பக்கம் காத்தே ஈரமாத்தான் இருக்கும், ராத்திரி பூரா வெளிய விட்டுறாதீய.

பூசணம் புடிச்சத வறுத்துத் தின்னுராதீய, கொட்டிருங்க.