அனெல்காவுக்கு 12 கிளப்பா, 13 கிளப்பா?

12 என்றே எழுதுங்கள். காரைக்குடி பள்ளி வினாடி வினாவுக்காக பிரெஞ்சு கால்பந்து வீரர் நிக்கோலா அனெல்கா ஆடிய கிளப்புகளை எண்ணினால் ஒருமுறை 12, ஒருமுறை 13 வருகிறது என்றீர்களே, பெரும்பாலும் பி.எஸ்.ஜி. (பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்) கிளப்தான் காரணம். 1997இல் அங்கிருந்து ஆர்சனல் போனார், 1999இல் ரியல் மாட்ரிட், 2000இல் மறுபடி பி.எஸ்.ஜி. பட்டியலில் அது இரண்டு வரி. பர்மாவுக்கு இரண்டு கணக்கு, அதாவது இரண்டு தவணை வேலைக்கு, போய் வந்த ஐயாவுக்குப் பேரேட்டில் இரண்டு ஊர் எழுத மாட்டோம் இல்லையா, அதே கதைதான்.

சரிபார்க்க, ஆண்டை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் எண்ணுங்கள்: பி.எஸ்.ஜி., ஆர்சனல், ரியல் மாட்ரிட், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, ஃபெனர்பாச்சே, போல்டன், செல்சி, ஷாங்காய் ஷென்ஹுவா, யுவென்டஸ், வெஸ்ட் பிராம்விச், மும்பை சிட்டி.

மும்பையிலும் தடுக்கலாம். 2014இல் ஆட்டக்காரராக வந்தவர், 2015இல் பயிற்சியாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார். கிளப் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: கேள்வியில் "ஒப்பந்தமான கிளப்புகள்" என்று போடாதீர்கள். 2001-02 பருவத்தில் லிவர்பூலுக்கு அவர் பி.எஸ்.ஜி.யிலிருந்து கடனாக, அதாவது தற்காலிகமாக ஆடத்தான் வந்தார். யாராவது ஒரு பையன் எழுந்து வாதாடுவான், அவன் சொல்வதும் நியாயம்தான். "ஆடிய கிளப்புகள்" என்றே கேளுங்கள்.

அப்புறம், கூடுதல் கேள்வி வேண்டுமென்றால் 2008-09 பிரீமியர் லீக்கில் 19 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது வாங்கியதைக் கேட்கலாம். அப்போது செல்சியில் இருந்தார்.