தகரக் கூரையில் இறங்கும் தேவதூதன்

அன்பின் அண்ணா,

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். தேவதூதர்கள் வரும் ஆங்கிலக் காதல் நாவல்களை போனில் நிறைய வாசித்திருக்கிறேன். அதேபோல் தமிழில், நம்ம தோட்டத்தில் நடப்பதாக ஒன்று எழுத ஆரம்பித்து 11 அத்தியாயம் முடித்துவிட்டேன், இதோடு அனுப்புகிறேன். கதாநாயகிக்கு 17 வயது, உயர்தர மாணவி, சைவக் குடும்பம். அவள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். அவன் தேவதூதன். இரவில் அவள் ஜன்னலுக்கு வெளியே காவல் நிற்கிறான். 9ஆம் அத்தியாயத்தில் இறக்கை விரிகிறது. வாசித்த தோழி, "டப்பிங் படம் பார்க்கிற மாதிரி இருக்குடி" என்று சொல்லிவிட்டாள். எங்கே பிழை? சைவப் பிள்ளையின் கதைக்குள் தேவதூதன் வரலாமா? அவன் சக்திக்கு அளவு வைக்க வேண்டுமா? கடைசியில் இருவரையும் சேர்த்துவைக்கலாமா?

ச.

அன்பின் தங்கச்சி,

உங்கள் தோழிக்கு நல்ல காது. டப்பிங் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், முதலில் அந்த ஜன்னலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நாவலில் பெண்ணுக்கு மாடியில் தனியறை உண்டு. ஜன்னலோரம் ஒரு மரம், பெற்றோர் வேறு அறையில். அந்த வீடு இருப்பதால்தான் அந்தக் காட்சி நடக்கிறது. உங்கள் கதாநாயகி இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, வரிசை வீட்டின் ஒற்றை அறை. அதில் அம்மா, அப்பா, தம்பி, அப்பாயி எல்லாரும் படுக்கிறார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. முன்பக்கம் இஸ்தோப்பு என்ற திண்ணை, அதைத் தாண்டினால் எல்லார் கண்ணும் விழுகிற வாசல். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். இதற்கு மேலே தகரம். பறந்து வந்த பையன் அறுபது கிலோ இருந்தாலும் போதும், அவன் கால் வைத்ததும் லயத்து நாய் அத்தனையும் எழும்பும். அடுத்த நிமிடம் டோர்ச் லைட்டும் கத்தியுமாக நாலு பேர் வெளியே வருவார்கள்.

இறக்கையின் கணக்கையும் பாருங்கள். இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் மிக அகலமான இறக்கை அல்பட்ரோஸ் என்ற கடற்பறவைக்கு. விரித்தால் ஏறக்குறைய 3.5 மீற்றர், அதாவது பதினொன்றரை அடி. அது சுமப்பதோ பத்துக் கிலோ அளவு உடம்பை. அந்த இறக்கையே உங்கள் காம்பராவின் பத்தடிப் பக்கத்தில் விரியாது. மனித உடம்பைத் தூக்க அதைவிடப் பெரிதாக வேண்டும். தேவதூதனுக்கு எதற்குப் பௌதிகம் என்று நீங்கள் கேட்கலாம். வாசகர் பௌதிகத்தை மன்னித்துவிடுவார். தனக்குத் தெரிந்த அறையை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பதைத்தான் மன்னிக்கமாட்டார்.

ஆகவே இறக்கையை மலைக்குக் கொண்டுபோங்கள். கவ்வாத்து வெட்டின மலை, அதாவது தேயிலைச் செடிகளைக் கட்டையாகத் தறித்த மலை ஒன்று உங்கள் தோட்டத்தில் எப்போதும் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். வெட்டின பிறகு இரண்டு மூன்று மாதம் அங்கே கொழுந்துக்கு ஆள் வராது. சந்திக்க அது நல்ல இடம். ஆனால் இலை இல்லாத மலையில் மறைவும் இல்லை, எதிர்மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். மூடுபனி இறங்கினால்தான் அந்த இடம் இவர்களுக்குச் சொந்தம். இங்கே உங்கள் கதைக்கு ஒரு முடிச்சு சும்மா கிடைக்கிறது. பனியில் நனைந்த சிறகு பாரமாகும், தூக்காது என்று ஒரு விதி வையுங்கள். அவளைச் சந்திக்க முடிகிற நாளில் அவனால் பறக்க முடியாது. பறக்க முடிகிற தெளிந்த நாளில் சந்திக்க முடியாது.

இந்த வகை நாவல் ஓடுவது தடையை வைத்துத்தான். இறக்கை அட்டைப்படத்துக்கு. உங்கள் 11 அத்தியாயத்தில், இவன் இவளை ஏன் காதலிக்கக்கூடாது என்பது 7ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியாக வருகிறது: "எங்கள் உலகத்தில் இது தடை." யார் போட்ட தடை, மீறினால் யார் வருவார், எதை எடுப்பார் என்று ஒன்றுமில்லை.

மூலத்துக்குப் போனால் சரக்கு நிறைய இருக்கிறது. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணக்கிறார்கள். சில வசனங்களோடு அது முடிந்துவிடும். அதை விரித்துச் சொல்வது ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூல். எத்தியோப்பியத் திருச்சபை அதை வேதத்தோடு வைத்திருக்கிறது, மற்றப் பெரும்பாலான சபைகள் வைக்கவில்லை. அதில் 200 காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவனுக்குப் பயம், தண்டனை தன் தலையில் மட்டும் விழுமோ என்று. அதனால் எல்லாரும் சேர்ந்து சபதம் செய்கிறார்கள். பெண்களை மணக்கிறார்கள், அவர்களுக்கு வித்தைகளையும் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவனான அசாசேல் கற்றுக்கொடுப்பது வாள் அடிக்கவும் கண்ணுக்கு மை தீட்டவும். பிறகு ஏனோக்கு மூலமாக மன்னிப்புக்கு மனுக் கொடுக்கிறார்கள், மறுக்கப்படுகிறது. பயம், கூட்டுச் சபதம், இரகசியம் கசிவது, மனு, மறுப்பு. நடுக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வில்லனும் அங்கேயே இருக்கிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள தோபித்து நூலில் இரபேல் என்ற தேவதூதர், அசரியா என்ற பெயரில் மனிதனாக வந்து ஒரு இளைஞனுக்கு வழித்துணையாகப் போகிறார், சாராள் என்ற பெண்ணை அவனுக்குக் கட்டியும் வைக்கிறார். ஏனோக்கின் நூலில் அதே இரபேல்தான் அசாசேலைக் கைகால் கட்டி இருட்டுக்குள் தள்ளுகிறவர். கல்யாணம் பேசுகிறவரும் விலங்கு பூட்டுகிறவரும் ஒரே ஆள். அவர் உங்கள் தோட்டத்துக்கு வெள்ளைச் சட்டையோடு, சிரித்த முகமாக வரட்டும்.

சைவப் பிள்ளை என்பது குறையே இல்லை. கதைக்கு அது பலம், பயன்படுத்தினால். நம் கதைகளில் வானத்தவர் பூமிக்கு வருவது பெரும்பாலும் சாபத்தால். சாபத்துக்குத் தவணை உண்டு, விமோசனம் உண்டு. ஏனோக்கின் தூதர்கள் தாங்களாக விரும்பி இறங்கியவர்கள், அவர்களுக்குத் திரும்பும் வழி இல்லை. உங்கள் கதாநாயகி 'எதாவது பரிகாரம் இருக்கும்' என்று நம்புவாள், அவனுக்குத் தெரியும் இல்லையென்று. இருவரும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டு வேறுவேறு முடிவை எதிர்பார்க்கலாம். தவிர, அந்த மலை வெற்றிடமும் இல்லை. மாடசாமி இருக்கிறார், முனியாண்டி இருக்கிறார், ஃபெக்டரியில் எந்திரங்களைக் காக்கும் ரோதைமுனி இருக்கிறார். அப்பாயி அவனைப் பார்த்தால் தேவதூதன் என்றா நினைப்பார்? காத்துக்கருப்பு என்று திருநீறு போட்டு, பிள்ளையைப் பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போவார். அந்த அத்தியாயம் உங்களிடம் இல்லை. எழுதுங்கள், சிரிப்பும் வரும் பயமும் வரும். ஒரு எச்சரிக்கை: முஸ்லிம்கள் தேவதூதரைச் சொல்வதுபோல் அவனை மலக்கு என்று மட்டும் எழுதவேண்டாம். இஸ்லாமிய நம்பிக்கையில் மலக்குகள் இறைவனின் கட்டளையை மீறாதவர்கள். விழுந்த மலக்கு என்பது முஸ்லிம் வாசகருக்கு ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது வகுப்புக்கு வரும் புதுப் பையன். நம் பக்கத்தில் யாரும் அப்படி வந்துவிட முடியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் மகன் என்ற மூன்று கேள்வி முதல் பத்து நிமிடத்தில் வரும். உயர்தர வகுப்பில் சேர சாதாரணதரப் பெறுபேறு வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும். தேவதூதன் அதிபரின் கந்தோரில் கோப்போடு நிற்பதை எழுதினால் அது வேறு வகை நாவல். அந்நியன் கேள்வி இல்லாமல் நடமாடக்கூடிய காலம் உங்கள் ஊரில் ஒன்றுதான்: சிவனொளிபாத மலை சீசன். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடை போடுகிறவன், சுமை தூக்குகிறவன், யாத்திரைக்கு வந்தவன் என்று எத்தனையோ புது முகம். அவனை ஒரு தேநீர்க் கடையில் வேலைக்கு வையுங்கள். கதைக்கு ஏறக்குறைய ஐந்து மாதத் தவணையும் தானாக விழுகிறது, கடைகளைக் கழற்றும்போது அவன் இருப்பதற்குக் காரணம் இருக்காது. சொர்க்கத்திலிருந்து வந்த ஆதம் முதலில் கால் வைத்த இடம் அந்த மலை என்று முஸ்லிம்களிடையே நீண்டகால நம்பிக்கை உண்டு, கிறிஸ்தவர்களிலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. விழுந்தவன் கதைக்கு அந்த மலையைத் தூரத்தில் நிறுத்தினால் போதும், யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இறக்கை 9ஆம் அத்தியாயத்தில் விரிவது பிந்திவிட்டது. அட்டையைப் பார்த்தவருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும் இவன் யாரென்று. தெரிந்த விடைக்கு எட்டு அத்தியாயம் காத்திருக்க வைக்கிறீர்கள். 24 அத்தியாயம் போடுவதாக இருந்தால் ஆறாவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதன் பிறகு வாசகரை இழுக்க வேண்டிய கேள்வி, இவன் ஏன் இங்கே, எதை இழந்து வந்தான் என்பது. நீளமும் இதோடு சேர்ந்ததுதான். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் 70,000 முதல் 90,000 சொல் வரை ஓடும். தமிழில் சொற்கள் ஒட்டி நிற்பதால் 50,000, 55,000இல் அதே கதை அடங்கிவிடும்.

அவள் கண்டுபிடிக்கும் விதத்துக்கு ஆங்கில நாவல்களிடம் போகவே வேண்டாம். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருவெடுத்து நின்ற தேவர்களைத் தமயந்தி எப்படிப் பிரித்தறிந்தாள்? தேவர்களுக்குக் கண் இமைக்காது, வியர்க்காது, மாலை வாடாது, கால் நிலத்தில் பாவாது. இதைத் தோட்டத்துக்கு இறக்குங்கள். மழை விட்ட காலையில் புல் வழியாக நடந்து ரோட்டுக்கு வந்ததும் எல்லாரும் குனிந்து சொக்ஸைச் சுருட்டி, காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பிடுங்குவார்கள். ஒருத்தி சவர்க்காரம் தேய்ப்பாள், ஒருத்தி உப்புப் பொட்டலம் எடுப்பாள். அவன் மட்டும் சும்மா நிற்கிறான். அவன் காலில் ஒன்றுகூட இல்லை. அவள் அதை இரண்டு தரம் பார்க்கட்டும், மூன்றாம் தரம் கேட்கட்டும். பிற்பாடு அவன் தன் நிலையை இழக்கும்போது இடியும் மின்னலும் போட்டுவிடாதீர்கள். கணுக்காலில் ஓர் அட்டை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசியும், உறையவிடாத ஒன்றை அது எச்சிலோடு விடுவதால். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் இரத்தத்தைப் பார்க்கிறான், துடைக்கிறான், மறுபடி வருகிறது. மூன்று பக்கம் அதிலேயே நில்லுங்கள்.

சக்திக்கு அளவு கட்டாயம் வேண்டும். 4ஆம் அத்தியாயத்தில் தம்பியின் காய்ச்சலைத் தொட்டே மாற்றிவிட்டான். சரி, 10இல் அம்மாவின் முதுகுவலிக்கு ஏன் சும்மா இருக்கிறான்? வாசகர் கேட்பார். குணமாக்க முடியும் என்றால் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிவையுங்கள்: ஒருவரைத் தொட்டால் ஒரு வரிசைச் சிறகு உதிரும், திரும்ப முளைக்காது. பிறகு கதையின் நடுவில் மலையில் குளவி கலையட்டும். நிரையில் நின்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், ஏழெட்டுப் பேர் விழுகிறார்கள். அம்மாவும் அதில் இருக்கிறார், மூச்சு இழுக்கிறது, லொறி வர நேரமாகும். அவனிடம் மிஞ்சியிருப்பது ஒருவருக்குப் போதுமான சிறகு. யாரைத் தொடுகிறான், மற்றவர்களின் பிள்ளைகள் மறுநாள் அவளை எப்படிப் பார்க்கிறார்கள்? இங்கே அவன் சக்தி ஒரு சிக்கலாக மாறுகிறது. ஆனால் மண்சரிவைத் தொடுவதாக இருந்தால் நடந்த ஊரின் பெயரைப் போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் புதைந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தேவதூதன் வந்து சிலரை மட்டும் தூக்கிக் காப்பாற்றினான் என்று அவர்கள் வாசிக்க நேரக்கூடாது.

இரவுக் காவல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். தூங்குகிற பெண்ணை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வகை நாவல்களின் பழைய நோய். இறக்கை இல்லாத பையன் அதைச் செய்தால் நீங்களே பொலிசுக்குப் போகச் சொல்வீர்கள். உங்கள் கதையில் அவன் காவல் தூதன் என்பதால் அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அவளுக்கு அவனை மூன்று வாரமாகத்தான் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வை இனிப்புப் பூசி மறைக்காமல் அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். அவளுக்குக் கோபம் வரட்டும், ஒரு முழு அத்தியாயம் பேசாமல் இருக்கட்டும், இனி எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். வயதுக்கும் ஒரு வழி செய்யுங்கள். மூவாயிரம் வருடத்து ஞாபகத்தோடு ஒருவன் 17 வயதுப் பிள்ளையைக் காதலித்தால் நெருடும். இறங்கும்போது அந்த ஞாபகம் பறிபோகும் என்று தடையிலேயே ஒரு பிரிவு சேர்த்தால் நெருடல் பாதி குறையும்.

முடிவில் சேர்த்துவைக்கலாம், பிரிக்கவும் செய்யலாம். அவளுடைய நினைவை அழித்து, எல்லாம் கனவுபோல் ஆகிவிட்டது என்று முடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். 24 அத்தியாயம் கூட வந்தவரின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது போல அது. சேர்த்துவைத்தால் அவன் என்ன வேலை செய்து சாப்பிடுவான், அடையாள அட்டைக்கு என்ன செய்வான் என்று யோசித்திருக்க வேண்டும். அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துப் பேராதனைக்குப் போகிறாள் என்றால் அவன் அவளைத் தோட்டத்திலேயே கட்டிப்போடக்கூடாது.

வசனத்தில் ஒரு திருத்தம். இப்போது எல்லாரும் ஒரே தொலைக்காட்சித் தமிழ் பேசுகிறார்கள். அவள் வீட்டில் "என்னா செய்ற, தண்ணி புடிச்சிட்டியா" என்றுதான் கேட்கவேண்டும். அவன் ஆரம்பத்தில் வேதாகமத் தமிழில், "பயப்படாதே" என்று தொடங்கட்டும். கடையில் வேலை செய்யச் செய்ய ஒவ்வொரு சொல்லாக மாறி, 15ஆம் அத்தியாயம் வரும்போது "பயப்படாத புள்ள" என்று வந்தால், அவன் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டான் என்பது அப்பாயிக்கே தெரிந்துவிடும். முதல் ஆறு அத்தியாயத்தையும் தடையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் திருத்தி அனுப்புங்கள். மற்ற ஐந்தை இப்போதைக்குத் தொடவேண்டாம், விதிகள் மாறினால் அவற்றில் பாதி தானாக விழுந்துவிடும்.