அறக்கட்டளையில் மிஞ்சும் பணம்: ஒரு பொருளாளரின் பதில்கள்

கே: சிறிய மாலைப் பள்ளி நடத்துகிறோம். மார்ச் முடிவில் பணம் மிஞ்சினால் வரி உண்டாமே?

ப: பாதிதான் சரி. வரிவிலக்குப் பதிவுள்ள அறக்கட்டளை அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் மிஞ்சினால்தான் வரி. 10 லட்சம் வந்தால் ஒன்றரை லட்சம். மாதச் செலவு 70,000 என்றால் இரண்டு மாதம் ஓடும்; மூன்று வருஷம் ஒதுக்கினால் ஆறு மாதம். 2020 ஏப்ரலில் எங்களுக்கு நன்கொடை நின்றுபோனது. நாலு ஆசிரியைகளுக்கும் செப்டம்பர் வரை சம்பளம் போனது இப்படிச் சேர்த்த டெபாசிட்டிலிருந்துதான்.

கட்டடம் மாதிரி குறிப்பான காரணத்தை வருமான வரித் துறைக்கு எழுதிக் கொடுத்தால், 15க்கு மேலும் 5 ஆண்டு வரை சேர்க்கலாம்.

கே: கார்பஸ் நிதிக்கும், அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கத் தரும் பணத்துக்கும், இந்தக் கணக்குதானா?

ப: இல்லை, ஆனால் இது கார்பஸுக்கு என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் மனைவி நினைவாக 50,000 தந்து, "வட்டியில் புத்தகம் வாங்குங்க தம்பி" என்றார். நான் ரசீதில் 'பொது நன்கொடை' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான், அந்த வருஷ வருமானத்தில் சேர்ந்துவிட்டது. எழுதி வாங்குங்கள்.

கே: மிஞ்சும் பணத்தைச் சீட்டு கட்டிச் சேர்க்கலாமா?

ப: கூடாது. வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம்.

கே: வெளிநாட்டு நன்கொடை?

ப: அது தனிச் சட்டம். அதில் பழகிய ஆடிட்டரைப் பாருங்கள்.

கே: நான் நன்கொடையாளர். என் காசு பிள்ளைகளுக்குப் போகாமல் வங்கியில் தூங்குவது நியாயமா?

ப: மூன்று வருஷச் செலவைப் பூட்டி வைத்தால் நியாயமில்லை, நானே சண்டைக்கு வருவேன். ஆறு மாதத்துக்கு இருக்கட்டும்.

கே: ஆறு மாதம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ப: எந்தச் சட்டமும் இல்லை, நான் சொல்கிறேன். 85ஐ எட்ட மார்ச் 28ஆம் தேதி அவசரமாக 40 நாற்காலி வாங்கும் அறக்கட்டளைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் 22 பேர். அந்தக் காசும் பிள்ளைகளுக்குத்தான் போனது என்பீர்களா?

கே: நாற்காலியாவது கண்ணில் படுகிறதே ஐயா.

ப: ஜூனில் சம்பளமில்லாமல் ஆசிரியை வேலையை விட்டு நின்றுவிட்டால் அதில் யார் உட்காருவது?

கே: ஆண்டு முடிவில் பணம் மிஞ்சினால் வரி உண்டா?

ப: முதல் கேள்வியைப் படியுங்கள்.

கே: நினைவு நன்கொடை ஒன்று வருகிறது. வாய்ச்சொல் போதுமா?

ப: எழுதி வாங்குங்கள் ஐயா, எழுதி வாங்குங்கள்.